ஆவுடைச்செல்வியின் நிறம்

தேரிவிளை பூர்ணிமா ஸ்டூடியோவின் மானிட்டருக்குக் கோளாறு வந்தது ஒரு புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். கோளாறுக்கு நாள் நட்சத்திரம் ஏது, ஆவணி மாதத்துப் பெரிய முகூர்த்தம் முடிந்த மூன்றாம் நாள், மூன்று கல்யாண ஆல்பங்கள் காத்துக் கிடக்கும்போது, அழையா விருந்தாளியாக அது வந்து உட்கார்ந்தது.

செல்போனில் படம் எடுக்கிற வழக்கம் இன்னும் அந்தப் பக்கம் வந்து சேராத காலம். செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரியைச் சுற்றியிருக்கிற பதினேழு ஊர்களில் யார் பிறந்தாலும், யார் சமைந்தாலும், யார் யாரைக் கட்டினாலும், யார் யாரை விட்டுப் போனாலும், முகம் கடைசியில் பூர்ணிமா ஸ்டூடியோவுக்குத்தான் வந்து சேர வேண்டும். படம் எடுக்கிறவர் முதலாளி ஞானதிரவியம் அண்ணாச்சி. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, பருவை அழித்து, தழும்பை மறைத்து, நாலு பேர் பார்க்கிற மாதிரி ஆக்குகிறவள் வேலம்மாள். அந்த வேலைக்கு ஸ்டூடியோவில் 'தூக்குவது' என்று பெயர். நிறத்தைத் தூக்குவது. உப்பளத்தில் நின்று கருத்த முகம், பனையேறிக் கருத்த முகம், பிறக்கும்போதே கருத்த முகம் எல்லாம் அவளுடைய மவுஸுக்குக் கீழே சந்தனமாகி வெளியே போகும். "எக்கா, ஒரு நாலு பாயிண்டு தூக்கிருங்க" என்று கேட்பதில் யாருக்கும் கூச்சம் கிடையாது, காய்கறி வாங்கிவிட்டுக் கறிவேப்பிலை கொசுறு கேட்பதுபோலக் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் அவள் தூக்கித்தான் கொடுப்பாள், செத்தவர்களுக்கு இரண்டு பாயிண்டு கூடவே.

தூக்கிய படத்தை அதே பெயரில் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிடுவது அங்கே வழக்கம். கருப்பை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பிரயோசனம், டிஸ்கில் இடம் வேண்டாமா என்பார் அண்ணாச்சி. அப்படிப் பதினாறு வருஷம், முதல் ஏழு வருஷம் நெகட்டிவில் பிரஷ்ஷாலும் பிறகு கம்ப்யூட்டரிலுமாக, பதினேழு ஊர்களின் கருப்பையும் வேலம்மாள் ஒருத்தியாகத் துடைத்து எடுத்திருந்தாள். துடைத்த கருப்பெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

அந்தப் புதன்கிழமை ஒரு மணப்பெண்ணின் அக்காள் ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்தாள். அப்படி வருகிறவர்களை மானிட்டருக்கு நேரே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வேலம்மாள் பக்கத்து ஸ்டூலில் இருந்து மவுஸை நகர்த்துவாள். முந்தின நாளே தூக்கி முடித்த படங்கள்தான். முதல் படம் திறந்தது, மணப்பெண் சந்தனமாகச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கருத்தாள். பட்டுச்சேலையின் அரக்கு அப்படியே இருந்தது, மாலையில் ரோஜா அப்படியே இருந்தது, பின்சுவரின் பச்சை அப்படியே இருந்தது. நெற்றியும் கன்னமும் கழுத்தும் கைகளும் மட்டும், அடுப்பில் வைத்த பாகு பதம் மாறுவதுபோல, நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல், தங்கள் சொந்த நிறத்துக்குப் போய் நின்றுகொண்டன.

"எக்கா, தூக்கலையா நீங்க?"

"தூக்கித்தான் வச்சேன். நேத்து நல்லாத்தான் இருந்துச்சு."

"நேத்தும் அவ கருப்பாத்தான இருந்தா," என்றாள் அக்காள், ஒரு தினுசாக.

அவளை எழுப்பிவிட்டு வேலம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள், மணப்பெண் சந்தனமானாள். அக்காளை உட்கார வைத்தாள், கருத்தாள். மறுபடி தான், மறுபடி அவள். மத்தியானம் வரை இப்படியே நாற்காலி மாறி மாறி உட்கார்ந்து இரண்டு பேருக்கும் இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம்.

மறுநாள் தூத்துக்குடியிலிருந்து மெக்கானிக் குரூஸ் வந்தான். கை சுத்தமானவன், வாயும் சுத்தமானவன், கோளாறோடு பேசிப் பேசியே அதை வெளியே வரவழைக்கிறவன். முதலில் மானிட்டரின் முதுகிலிருந்து ஒயரைக் கழற்றி ஊசிகளை எண்ணினான். "ஒரு ஊசி வளைஞ்சிருந்தாப் போதும்க்கா, ஒரு கலரு போயிரும். செவப்பு போச்சுன்னா ஆளு பாசி புடிச்ச மாதிரி நிப்பாவ." ஊசிகள் நேராக இருந்தன. ஸ்பீக்கர் பெட்டியின் காந்தம் திரையில் கறை உண்டாக்கும் என்று அதை அடுத்த அறைக்குத் தூக்கிப் போனான்; மின்விசிறியைக்கூட நிறுத்திப் பார்த்தான். திரையில் ஏறிய காந்தத்தை இறக்குகிற பொத்தானை அழுத்தினான், மானிட்டர் குளிர் வந்ததுபோல ஒரு தடவை நடுங்கி அடங்கியது. சிவப்பைக் குறைத்தான், நீலத்தைக் கூட்டினான், எல்லாவற்றையும் கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே திருப்பி வைத்தான். பக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து வேறொரு மானிட்டர் இரவல் வாங்கி மாட்டினான்; அதில் யார் உட்கார்ந்தாலும் சந்தனம். பழையதை மாட்டினான், அன்றைக்கும் வந்திருந்த அக்காள்காரி உட்கார்ந்தால் கருப்பு. கடைசியில், படத்தில் எந்த இடத்தில் என்ன நிறம் என்று எண்ணில் சொல்லுகிற கருவியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். எண் சந்தனத்தின் எண்ணாகவே இருந்தது.

"கம்ப்யூட்டரு வெள்ளைங்குது, மானிட்டரு கருப்புங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது," என்றான் குரூஸ்.

பிறகு, சும்மா ஒரு சோதனைக்காக, அதே ஸ்டூடியோவில் ஆறு வருஷத்துக்கு முன்னால் எடுத்த தன் கல்யாணப் படத்தைத் திறக்கச் சொல்லி, தான் நாற்காலியில் உட்கார்ந்தான். படத்தில் அவன் பக்கத்தில் நின்ற மனைவி எஸ்தர் வெள்ளை வலைத்துணிக்குள் மெல்லக் கருத்தாள். அவன் ஸ்குரூடிரைவரைப் பைக்குள் போட்டான். "வீட்டுல மாட்டியிருக்க படத்த ஆறு வருசமாப் பாக்கேன், யாரோ ஒருத்தி பக்கத்துல நிக்க மாதிரியே இருக்கும். இதுதான் எஸ்தரு," என்றான். "எக்கா, மானிட்டர்ல கோளாறு ஒண்ணுமில்ல." கழற்றிய ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் தூரமாகவே வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

விஷயம் இவ்வளவுதான் என்று ஊருக்கு இரண்டு நாளில் புரிந்துவிட்டது: அந்த மானிட்டருக்கு நேரே யார் உட்காருகிறார்களோ, அவர்கள் மனதில் அந்த முகம் எந்த நிறத்தில் இருக்கிறதோ, அந்த நிறத்தில் தெரியும், பின்னால் நிற்கிறவர்களுக்கும் அப்படியே தெரியும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மழை பெய்தால் குடை எங்கே என்று தேடுவார்களே தவிர மேகத்திடம் போய் விசாரிப்பார்களா? அந்த முகத்தை நேரில் அறியாதவர் உட்கார்ந்தால் தூக்கிய படம் தூக்கியபடியே நிற்கும். வேலம்மாள் உட்கார்ந்தால் மட்டும், தெரிந்த முகமோ தெரியாத முகமோ, எதுவும் மாறாது. பதினாறு வருஷம் பார்த்த முகத்தையெல்லாம் தூக்கித் தூக்கி அவளுக்குக் கண்ணுக்குள்ளேயே எல்லாரும் சந்தனமாகிவிட்டார்கள் என்று ஊர் சொல்லிச் சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

பிறகு ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். சுவரில் மாட்டியிருந்த செத்தவர்களைக் கழற்றிக்கொண்டு, கண்ணாடியைச் சேலை முந்தியால் துடைத்துக்கொண்டு, மாலையோடும் பொட்டோடும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சைக்கிளிலும் மினி பஸ்ஸிலும் நடந்தும் வந்தார்கள். வந்து, படத்தை ஸ்கேனரில் கொடுத்துத் திரையில் ஏற்றியதும் நாற்காலியில் உட்கார்ந்து, படம் நிறம் மாறும்வரை வாயைப் பொத்திக்கொண்டிருந்து, மாறியதும் "யம்மா" என்றார்கள். "எய்யா" என்றார்கள். சிலர் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மின்சாரம் சுருக்கென்று விரலைத் தட்டியதும் அதையும் செத்தவர்களே தட்டியதாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லாருக்கும் நல்லதாக நடக்கவில்லை. ஒரே தகப்பனுக்கு அண்ணன் உட்கார்ந்தபோது ஒரு நிறமும் தம்பி உட்கார்ந்தபோது வேறு நிறமும் வந்து, அய்யாவை எவன் சரியாகப் பார்த்தான் என்று ஸ்டூடியோ வாசலிலேயே கைகலப்பானது. தாலியறுத்து முப்பது வருஷமான ஒருத்தி புருஷனின் படத்துக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்தாள், படம் ஒரு இம்மிகூட மாறவில்லை. "நான் அவுகள நிமிந்து பாத்ததே இல்ல பாத்துக்கோ" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். குமரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து தங்கள் படத்துக்குத் தாங்களே உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் நேரில் இருப்பதைவிட இரண்டு மடங்கு கருத்துத் தெரிந்தாள். அவர்கள் வந்ததுபோலச் சளசளவென்று பேசிக்கொண்டு போகவில்லை.

கல்யாணக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் படத்தோடு பெண்ணின் தெருவிலிருந்து ஒரு ஆளையும் அழைத்துக்கொண்டு வரலானார்கள். பெண் வீட்டார் அதே ஆளை முந்தின நாளே பிடித்து, கோழி அடித்துச் சோறு போட்டார்கள். தெருத்தெருவாய்ப் போகிற பால்காரர் சுடலைக்கண்ணுவுக்கு ஏகக் கிராக்கி. ஆனால் அவர் எல்லாரையும் விடியாத இருட்டில்தான் பார்த்திருந்தார் என்பதால், அவர் உட்கார்ந்தால் எல்லாப் பெண்களும் நீலம் பாரித்து நின்றார்கள், அது தெரிய வருவதற்குள் ஆறு சம்பந்தம் தட்டிப் போயிற்று. கடைசியில் ஊர்க் கூட்டம் போட்டு, காலையில் செத்தவர்களுக்கு, மத்தியானத்துக்கு மேல் கல்யாணத்துக்கு என்று முறை வைத்தார்கள். ரேஷன் கடைக்கு நிற்பதுபோல வரிசை நின்றது. ஆண்டவர் எல்லாரையும் அப்படியேதான் பார்க்கிறார் என்று சர்ச்சில் ஒரு பிரசங்கம் நடந்தது, அதோடு அந்த அதிசயம் பழைய அதிசயமாகிவிட்டது.

அன்றைய வரிசை கலைந்த ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், வேலம்மாள் தன் மகளின் படத்தைத் திறந்தாள்.

ஆவுடைச்செல்வி செத்து மூன்று வருஷமாகியிருந்தது. நாலு வயதில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை. தூத்துக்குடியில் ஒரு மருந்துக் கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, ஹாஸ்டலில் தங்கி, காய்ச்சல் என்று ஒரு திங்கட்கிழமை படுத்து, வெள்ளிக்கிழமை இல்லாமல் போனவள். அவளுக்கு முப்பத்தெட்டுப் படங்கள் இருந்தன. பள்ளிக்கூடத்துப் படம் தொடங்கிப் பெண் பார்க்க எடுத்த படம் வரை முப்பத்தெட்டையும் வேலம்மாள் தன் கையாலேயே தூக்கியிருந்தாள், தாய் கைக்கு வஞ்சனை ஏது, ஊராருக்கு நாலு பாயிண்டு என்றால் மகளுக்கு எட்டு. பெண் பார்த்த அந்த நாளுக்குப் பிறகு ஆவுடை ஒரு படத்துக்கும் நிற்கவில்லை. கேமராவைக் கண்டால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்த நாளை வேலம்மாள் அழுதுகொண்டே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். உடன்குடியிலிருந்து சுந்தரவடிவு என்ற அம்மாள் தன் மகனுக்குப் பெண் பார்க்க வந்தாள், முற்றத்து வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், ஆவுடை காப்பித் தட்டோடு வந்து நின்றாள், சுந்தரவடிவு கையிலிருந்த படத்தையும் பிள்ளையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "போட்டோவுல இருக்க பிள்ளை எங்க?" என்று கேட்டாள், பிள்ளையின் முகம் செத்துப் போயிற்று, உள்ளே போய்விட்டாள். இவ்வளவுதான் கதை. ஒரு வார்த்தை என் பிள்ளையைக் கொன்றுபோட்டது என்று முடிப்பாள் வேலம்மாள். கேட்டவர்கள் சுந்தரவடிவைச் சபித்தார்கள்.

இப்போது திரையில் ஆவுடை நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, நீலத் தாவணியில், சந்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேலம்மாள் உட்கார்ந்திருந்தாள். எதுவும் மாறவில்லை. கண்ணை மூடி மகளை நினைத்துப் பார்த்தாள். குரல் வந்தது, நடை வந்தது, தலைக்குக் குளித்த வாசம்கூட வந்தது, நிறம் வரவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுவரில் மாட்டியிருந்த படம் வந்து நின்றது. ஊர் சொல்லிச் சிரித்தது விளையாட்டல்ல, நிஜமாகவே தன் பிள்ளையைத் தனக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் முதல் அவள் ஆள் தேடத் தொடங்கினாள். தம்பியைக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். சந்தனம். பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்தாள், கூடப் படித்தவள் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். சந்தனம், சந்தனம். முப்பதாம் நாள் விசேஷத்துக்கு வந்து மாலை போட்ட அந்தப் பெரிய படத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். ஹாஸ்டலுக்குப் போன பிள்ளையை அபூர்வமாகவே பார்த்து, வருஷா வருஷம் திதிக்கு வந்து அதையே பார்த்தவர்கள். மூன்று வருஷத்தில் பிள்ளையின் மேல் படம் படிந்துவிட்டது. சுடலைக்கண்ணு உட்கார்ந்தார், ஆவுடையும் நீலம் பாரித்தாள், "நான் என்னம்மா செய்யட்டும்" என்று அவர் கண் கலங்கினார். மருந்துக் கடைக்காரர் தூத்துக்குடியிலிருந்து மெனக்கெட்டு வந்தார். இரண்டு வருஷமும் அவர் அவளை டியூப் லைட்டுக்குக் கீழேதான் பார்த்திருந்தார், திரையில் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"விட்டுரும்மா வேலம்மா," என்றார் ஞானதிரவியம் அண்ணாச்சி. "பிள்ள முகம் இருக்குல்லா, அது போதும்லா. கலர்ல என்ன இருக்கு?"

"பதினாறு வருசமா இத ஒருத்தர்ட்டயாவது சொல்லியிருக்கீயளா அண்ணாச்சி?" என்றாள் வேலம்மாள். அவர் கடையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றைக்கு வேலை முடிந்து வீடு திரும்பும்போது அவளுக்கு அது தோன்றியது. சுவரில் மாட்டிய படத்தைப் பார்க்காத இன்னொருத்தி இருந்தாள். நல்ல வெயிலில், கால்மணி நேரம், கண்ணை எடுக்காமல், நிறத்துக்காகவே ஆவுடையைப் பார்த்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் உடன்குடிக்குப் பஸ் ஏறினாள்.

சுந்தரவடிவு வாசலில் தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். ஆள் மெலிந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்ததும் கையிலிருந்த குடத்தை வைக்க மறந்து நின்றாள்.

"நான் தேரிவிளை வேலம்மா."

"தெரியுது மைனி. உள்ள வாங்க."

"உக்காரதுக்கு வரல. ஆவுடை போயிட்டா. மூணு வருசமாச்சு. காய்ச்சல்."

சுந்தரவடிவு குடத்தை மெல்லத் தரையில் வைத்தாள். "எனக்கு யாரும் சொல்லலயே மைனி."

"யாரு சொல்லுவா?" என்றாள் வேலம்மாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். மானிட்டரின் சங்கதி உடன்குடி வரை எட்டியிருந்தது, அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் மறந்துட்டேன்," என்றாள் சுந்தரவடிவு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"மறந்திருக்க மாட்டீய. படத்தக் கையில வச்சுக்கிட்டு அங்குலம் அங்குலமாப் பாத்தீய. அப்படிப் பாத்தது மறக்காது. உங்க கால்ல வேணும்னாலும் விழுதேன்."

"அய்யய்யோ, வேண்டாம் மைனி," என்று அவள் பின்னால் நகர்ந்தாள். தண்ணீர் லாரி வந்தது, குடங்கள் நிரம்பின, லாரி போயிற்று. இருவரும் அங்கேயே நின்றார்கள். "வெள்ளிக்கிழம வாரேன்," என்றாள் சுந்தரவடிவு கடைசியில்.

சொன்னபடி வந்தாள். செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. காலை வரிசையில் செத்தவர்களைக் கக்கத்தில் இடுக்கி நின்ற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "வந்துட்டா பாரு, கலர் பாக்க" என்று ஒருத்தி காறித் துப்பினாள். சுந்தரவடிவு தலையைக் குனிந்துகொண்டே உள்ளே வந்தாள். வேலம்மாள் கதவைச் சாத்திவிட்டு, படத்தைத் திறந்து வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தாள். சுந்தரவடிவு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆவுடை சந்தனமாகவே சிரித்தாள்.

"கண்ணத் தொறந்து உக்காருங்க," என்றாள் வேலம்மாள். "முற்றத்துல உக்காந்திருந்தீய."

"கிழக்கப் பாத்து உக்காந்திருந்தேன். முருங்க மரத்து நெழலு பாதி, வெயிலு பாதி."

"தட்டு கொண்டு வந்தா."

"எவர்சில்வர் தட்டு. அதுல வெயில் பட்டு என் கண்ணு கூசுச்சு. தட்ட எங்கிட்ட நீட்டினா..."

நீலத் தாவணியின் மேல்விளிம்பிலிருந்து அது தொடங்கியது. கழுத்து முதலில், பிறகு தாடை, பிறகு காதுமடல்கள், தண்ணீர் ஊறுவதுபோல ஏறி, கன்னங்களுக்கு வந்து, நெற்றிக்குப் போய், நாற்காலி முதுகைப் பிடித்திருந்த விரல்கள் வரை இறங்கியது. நல்ல கருப்பு. மினுமினுப்பான, கண்ணுக்குக் கீழே ஒரு படி கூடிய, உதட்டோரம் சற்றே பழுப்போடிய கருப்பு. அந்தக் கருப்பில் சிரிப்பு வேறு சிரிப்பாகிவிட்டது, பல்லெல்லாம் புதிதாக முளைத்ததுபோல இருந்தது. வேலம்மாளுக்கு ஒரு கணம் யாரோ அந்நியப் பிள்ளையாகத் தெரிந்தாள், மறுகணம் தன் வயிற்றிலிருந்து வழுவழுவென்று வெளியே வந்த பிள்ளையாகத் தெரிந்தாள். "ஏட்டி," என்றாள். "ஏட்டி, ஆவுடை." எத்தனை அழகான பிள்ளையை எத்தனை தடவை அழித்திருக்கிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனாலும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது, மூன்று வருஷத்தில் அவளுக்கு வந்த முதல் சந்தோஷம்.

அப்படியே நின்றது. பிறகு, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த மினுமினுப்பு வடியத் தொடங்கியது. கருப்பு வெளுக்கவில்லை, அதிலிருந்த உயிர் மட்டும் வற்றி, உதடு சாம்பல் பூத்து, கன்னம் சாம்பல் பூத்து, சிரித்தபடியே முகம் அவிந்து போயிற்று.

"சொல்லிட்டீயளா?" என்றாள் வேலம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நெனப்புலயும் அந்த வார்த்தையச் சொல்லிட்டீயளா? திரும்ப நெனைங்க. தட்டு கொண்டு வாரதோட நிறுத்துங்க."

சுந்தரவடிவு முயன்றாள். மறுபடி கருப்பு ஏறியது, மினுங்கியது, மறுபடி அவிந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே. வியர்த்துக் கொட்டியது அவளுக்கு.

"நிக்க மாட்டேங்குது மைனி."

"அந்த வார்த்தைய நெனைக்காம இருக்க முடியாதா உங்களால?"

சுந்தரவடிவு திரையைப் பார்த்துக்கொண்டே, மிகவும் தாழ்ந்த குரலில், "அந்த வார்த்தைக்கு அவ முகம் மாறல மைனி," என்றாள்.

"என்ன?"

"போட்டோவுல இருக்க பிள்ளை எங்கன்னு நான் கேட்டது தப்புதான். என் மனசறிய தப்பு. ஆனா அதுக்கு அவ சிரிச்சா. 'அது எங்கம்மா கைவேல'ன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தா, 'அது எங்கம்மா'ங்குற வரைக்கும் சொல்லிட்டா. எனக்கே அவளப் புடிச்சுப் போச்சு அப்ப. அதுக்குள்ள நீங்க அடுப்படியில இருந்து ஓடி வந்தீய."

வேலம்மாள் மவுஸை விட்டுக் கையை எடுத்தாள்.

"ஓடி வந்து, அவள ஒரு கையால பின்னால தள்ளிட்டு, 'பஸ்ஸுக்கு வெயில்ல அலைஞ்சு இப்படிக் கெடக்கா, படத்துல இருக்கதுதான் அவ நெசக் கலரு, ரெண்டு மாசம் வீட்டுல இருந்தா வந்துரும்'ன்னு சொன்னீய. அப்பத்தான் மாறிச்சு. அவ என்னப் பாக்கல மைனி. உங்களத்தான் பாத்தா."

வெளியே வரிசையில் யாரோ கதவைத் தட்டினார்கள். சுந்தரவடிவு எழுந்து, வேலம்மாளின் தோளைத் தொடப் போனவள் தொடாமல், சேலையைச் சரிசெய்துகொண்டு, பின்வாசல் வழியாக இறங்கிப் போனாள்.

நாற்காலி காலியானதும் படம் பழையபடி சந்தனத்துக்குத் திரும்பியது. வேலம்மாள் ஸ்டூலிலேயே இருந்தாள். ஒரு கையால் தள்ளியது நினைவுக்கு வந்தது. பிள்ளையின் மேற்கையில் பட்ட தன் உள்ளங்கையின் ஈரம், அடுப்படி ஈரம், நினைவுக்கு வந்தது. தள்ளிய பிறகு திரும்பிப் பார்த்ததும், அப்போது அந்த முகம் இருந்த இருப்பும், இத்தனை வருஷமும் அதை எங்கே வைத்திருந்தாளோ அங்கேயிருந்து எழுந்து வந்தது. அவள் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வேலம்மாள் உட்கார்ந்தால் எதுவும் மாறாத அந்தத் திரையில் சந்தனம் கலங்கியது. கழுத்திலிருந்து மேலே ஏறியது. மினுமினுப்புக்காக அவள் காத்திருந்தாள், சற்று முன் பார்த்த அந்த நல்ல கருப்புக்காக, ஒரு கணமாவது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அது சுந்தரவடிவு பார்த்த நிறம், அது அவளோடு போய்விட்டது. வேலம்மாளுக்கு முன்னால் ஆவுடை நேராகச் சாம்பலுக்குப் போய், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.